பெற்றோரின் வருமானமும் மாணவரின் கைப்பணமும்

உயர்கல்வி பயிலும் ஒருவரிடம் உங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்டால், அவரால் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு அது எளிது. மாணவரின் கைக்கு வரும் பணம் ஐந்தாறு வழிகளில், வெவ்வேறு நாட்களில், துண்டு துண்டாக வருகிறது. வீட்டிலிருந்து அனுப்புவது ஒரு பங்கு. அரசோ கல்வி நிறுவனமோ தரும் உதவித்தொகை ஒரு பங்கு. கல்விக்கடனில் கட்டணம் போக மிஞ்சுவது ஒரு பங்கு. பகுதிநேர வேலையின் கூலி ஒரு பங்கு. விடுமுறையில் உழைத்துச் சேர்த்த சிறு சேமிப்பும், அவசரத்துக்கு நண்பரிடம் வாங்கிய கைமாற்றும் இவற்றோடு சேரும். இவற்றில் சில உண்மையான வருமானம், சில திருப்பித் தர வேண்டிய கடன், சில இரண்டிலும் அடங்காதவை. எது எந்த மாதம் நின்றுபோகும் என்பது பெரும்பாலும் மாணவரின் கட்டுப்பாட்டில் இல்லை.

நான் பணியாற்றும் பல்கலைக்கழகத்தில், பண நெருக்கடியில் இருக்கும் மாணவர்களின் உதவி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் சிறு குழுவில் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். படிவத்தின் முதற்பக்கத்திலேயே குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைக் கேட்கும் கட்டம் இருக்கிறது. அதில் எழுதப்படும் எண்ணைக் கொண்டுதான் பெரும்பாலான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. விண்ணப்பங்களைத் தொடர்ந்து படித்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று, அந்த எண் மாணவரின் வருமானத்தைச் சொல்வதில்லை என்பது. பெற்றோர் ஈட்டுவதில் எவ்வளவு மாணவரிடம் வந்து சேர்கிறது என்று படிவம் கேட்பதே இல்லை. வந்து சேரும் என்று எடுத்துக்கொள்கிறது. மாணவர்களின் பணத்துயரத்தில் பெரும்பகுதி இந்த அனுமானத்திலிருந்து கிளைக்கிறது என்றே நினைக்கிறேன். வாக்களிக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் தகுதி பெற்ற வயதில் இருக்கும் ஒருவரை, பணம் என்று வரும்போது மட்டும் குடும்பத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணும் வழக்கம் பல நாடுகளில் சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கும் இளநிலை மாணவர், திருமணம், இராணுவப் பணி, பெற்றோரை இழந்திருத்தல் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாவிட்டால், 24 வயதுவரை பெற்றோரைச் சார்ந்தவராகவே கணக்கிடப்படுகிறார். பெற்றோரின் வருமானத்தையும் சொத்தையும் வைத்து, குடும்பத்தால் எவ்வளவு தர முடியும் என்று ஒரு சூத்திரம் சொல்கிறது. அந்த அளவுக்கு உதவி குறைகிறது. பெற்றோர் பணம் தர மறுக்கிறார்கள் என்பதோ, மாணவர் தனியாக வாழ்ந்து தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்பதோ அவரைத் தனி நபராகக் கருதப் போதுமான காரணங்கள் அல்ல. பெற்றோர் தங்கள் விவரங்களைத் தரவே மறுத்துவிட்டால், ஏழை மாணவர்களுக்குரிய மானியம் அவருக்குக் கிட்டாது. வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும் வகைக் கடன் மட்டுமே கிடைக்கலாம். அந்த மானியத்தின் உச்சவரம்பு 2024–25 கல்வியாண்டில் 7,395 டாலர். அதைப் பெறும் தகுதி மாணவரின் தேவையை மட்டும் பொறுத்து அமையவில்லை. வீட்டில் ஒருவர் படிவத்தில் ஒப்பமிட மனம் வைக்கிறாரா என்பதையும் பொறுத்து அமைகிறது.

இங்கிலாந்தின் முறையில் இந்த அனுமானம் இன்னும் தெளிவாக எண்ணில் தெரிகிறது. வாழ்க்கைச் செலவுக்கான கடன் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறுகிறது. 2024–25இல் லண்டனுக்கு வெளியே, வீட்டை விட்டுத் தங்கிப் படிக்கும் மாணவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10,227 பவுண்டு கிடைத்தது. குடும்ப வருமானம் 62,000 பவுண்டைத் தாண்டிச் சென்றால் கிடைத்தது 4,767 பவுண்டு மட்டுமே. இரண்டுக்கும் இடைப்பட்ட 5,460 பவுண்டைப் பெற்றோர் தருவார்கள் என்பதே கணக்கு. முழுக்கடனுக்கான வருமான வரம்பு 25,000 பவுண்டு. 2008ஆம் ஆண்டிலிருந்து அது உயர்த்தப்படவே இல்லை. விலைவாசியோடு சம்பளங்களும் ஏறியிருக்கும் காலத்தில் வரம்பு மட்டும் அசையாமல் நிற்கும்போது, உண்மையில் வசதி கூடாத குடும்பங்களும் ஏட்டில் வசதியான குடும்பங்களாகிவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் மேலும் சில மாணவர்களுக்கு முழுத்தொகை கிடைக்காமல் போகிறது. யாரும் வெளிப்படையாக உதவியைக் குறைக்கவில்லை என்பதால் அதைக் குறித்து எவரும் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை.

பெற்றோர் தருவார்கள் என்ற அனுமானம் பல வீடுகளில் உண்மைதான். அதை மறுப்பதற்கில்லை. தங்கள் தேவைகளைச் சுருக்கிக்கொண்டு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பும் பெற்றோரே உலகெங்கும் மிகுதி. என் அக்கறை, அனுமானம் பொய்க்கும் இடத்தில் மாணவருக்கு என்ன நேர்கிறது என்பதில் இருக்கிறது. அது பொய்ப்பதற்கான வழிகள் பல. பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். வருமானம் உள்ளவர் விலகிப் போய்விட்டார். சென்ற ஆண்டு தொழில் நன்றாக நடந்தது, கணக்கில் அந்த ஆண்டின் வருமானமே இருக்கிறது, இந்த ஆண்டு தொழில் படுத்துவிட்டது. வீட்டில் ஒருவர் நோயுற்றுப் பணமெல்லாம் மருத்துவத்துக்குப் போகிறது. வருமானம் இருக்கிறது, ஆனால் பழைய கடன்களின் தவணை அதைவிடப் பெரிதாக இருக்கிறது. இவை எல்லாவற்றையும் விளக்குவதற்குப் படிவத்தில் ஏதோ ஒரு மூலையில் இடமாவது கிடைக்கும்.

விளக்கவே கடினமானது மனத்தாங்கலால் நின்றுபோகும் பணம். மகள் தேர்ந்தெடுத்த பாடம் பிடிக்கவில்லை, மகனின் காதல் பிடிக்கவில்லை, சொல்பேச்சுக் கேட்கவில்லை என்ற காரணங்களுக்காகப் பணத்தை நிறுத்தும் வீடுகள் உண்டு. பணம் தொடர வேண்டுமானால் இன்னது செய்ய வேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே விளங்கும் வீடுகள் அதைவிட அதிகம். இத்தகைய மாணவரிடம் சான்று கேட்கிறோம். எந்தச் சான்றைக் கொண்டுவருவார்? சம்பளச் சீட்டுக்கும் வரிக்கணக்குக்கும் அலுவலகங்கள் சான்றளிக்கும். தந்தை மூன்று மாதமாகப் பேசவில்லை என்பதற்கு எந்த அலுவலகமும் சான்றளிக்காது. முன்பின் தெரியாத நால்வர் அமர்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் வீட்டுச் சண்டையை விவரிக்கச் சொல்வது எனக்கு எப்போதும் வேதனையாகவே இருந்திருக்கிறது. அந்த வேதனைக்கு அஞ்சி விண்ணப்பிக்காமலே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதற்கு நேர்மாறான திசையில் பணம் ஓடும் குடும்பங்களையும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களில் பலர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். தம்பியின் பள்ளிக் கட்டணமோ, தாயின் மருந்துச் செலவோ, அடகிலிருப்பதை மீட்கும் தவணையோ அவர்களுடைய உதவித்தொகையிலிருந்தும் பகுதிநேரக் கூலியிலிருந்தும் போகிறது. நான் கண்ட படிவம் எதிலும் இதற்கென ஒரு கட்டம் இல்லை. பெற்றோரின் பணம் பிள்ளைக்கு வருவதையே கணக்கு எதிர்பார்க்கிறது. பிள்ளையின் பணம் பெற்றோருக்குப் போவதை அது கற்பனை செய்துகூடப் பார்க்கவில்லை. அதனால், உதவித்தொகை வாங்கியும் ஏன் பற்றாக்குறை என்ற கேள்விக்கு அந்த மாணவர் பொறுப்பற்றவராகத் தோன்ற நேர்கிறது. உண்மையில் அவர் தம் வயதுக்கு மீறிய பொறுப்பைச் சுமந்துகொண்டிருப்பவர்.

ஜெர்மனியின் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1971ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாஃபோக் என்ற கல்வி உதவிச் சட்டமும் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தே உதவித்தொகையை முடிவு செய்கிறது. முதல் தொழிற்தகுதி பெறும்வரை பிள்ளையின் பராமரிப்பு பெற்றோரின் சட்டக் கடமை என்பது அங்குள்ள நிலைப்பாடு. ஆயினும், கணக்கிடப்பட்ட பங்கைப் பெற்றோர் தராமல் போனால், அதனால் படிப்பு தடைப்படும் என்று மாணவர் விண்ணப்பிக்கலாம். அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே மாணவருக்குத் தந்துவிட்டு, பெற்றோரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் தரவேண்டும் என்று கணக்குப் போட்ட அரசே, அவர்கள் தராதபோது அந்தக் கணக்குக்குப் பொறுப்பேற்கிறது என்பதே இதன் சிறப்பு. தாய் தந்தையோடு வழக்காடும் சுமை பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் விழுவதில்லை. உதவித்தொகையில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். எவ்வளவு பெற்றிருந்தாலும் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை 10,010 யூரோவைத் தாண்டாது என்ற உச்சவரம்பும் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களின் இளம் மாணவர்கள் படிப்பைத் தொடங்கும்போதே 1,000 யூரோவை ஒரு முறை உதவியாகத் தரும் திட்டமும் 2024இல் சேர்க்கப்பட்டது. வீட்டு முன்பணம், கணினி, பயணம் என்று முதல் மாதத்திலேயே குவியும் செலவுகளை நினைத்து அதை வகுத்தவர்கள் மாணவரின் நாட்காட்டியை அறிந்தவர்களாக இருக்க வேண்டும்.

ஸ்வீடனும் டென்மார்க்கும் வேறு வழியில் போயிருக்கின்றன. ஸ்வீடனில் 1965இல் வந்த கல்வி உதவித் திட்டத்திலிருந்தே உயர்கல்வி மாணவருக்குரிய மானியத்துக்கும் கடனுக்கும் பெற்றோரின் வருமானம் அளவுகோல் ஆகவில்லை. மாணவர் எவ்வளவு நேரம் படிக்கிறார், தேர்ச்சி பெறுகிறாரா, அவருடைய சொந்த வருமானம் வரம்பைத் தாண்டுகிறதா என்பவை மட்டுமே கேட்கப்படுகின்றன. டென்மார்க்கில் பெற்றோரைப் பிரிந்து வாழும் உயர்கல்வி மாணவருக்கு மாதந்தோறும், வரி பிடிப்பதற்கு முன், சுமார் 7,000 குரோனர் அரசிடமிருந்து வருகிறது. அதற்கும் பெற்றோரின் சம்பளம் கேட்கப்படுவதில்லை. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும், வீட்டை விட்டு வேறு நகரத்துக்குப் போகும்போதும், வீட்டில் கருத்து வேறுபாடு எழும்போதும், அந்தப் பணம் நிற்காது என்ற உறுதி அந்த மாணவருக்கு இருக்கிறது.

செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் அரசுப் பணம் போவது நியாயமா என்று எங்கள் குழுவிலும் ஒருமுறை நீண்ட விவாதம் நடந்தது. கேள்வி நியாயமானது. நிதி குறைவாக இருக்கும் நாட்டில் அல்லது நிறுவனத்தில், இருப்பதை இல்லாதவருக்கு முதலில் தருவதே முறை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எல்லாருக்கும் ஒரே தொகை தர வேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. நான் கேட்பது, பெற்றோரின் பங்கு என்று ஒரு தொகையைக் கழிக்கும் எந்தத் திட்டமும் அந்தத் தொகை வந்ததா என்று பார்க்கும் கடமையையும் ஏற்க வேண்டும் என்பதை மட்டுமே. ஜெர்மனியைப் போல முன்பணம் தந்து ஈடுசெய்யலாம். ஸ்வீடனைப் போல அந்தக் கேள்வியையே விட்டுவிடலாம். கழிப்பதை மட்டும் செய்துவிட்டு, மற்றதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று விடுவதுதான் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது.

மாணவரைத் தனிநபராக மதித்து நேரடியாகப் பணம் தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பவிருந்த படைவீரர்களுக்காக அமெரிக்கா 1944இல் ஒரு சட்டம் இயற்றியது. கல்விக் கட்டணத்தை அரசு செலுத்தியதோடு, வாழ்க்கைச் செலவுக்கென்று தனியாளுக்கு மாதம் 50 டாலரும் குடும்பம் உள்ளவருக்கு 75 டாலரும் கொடுத்தது. தந்தையின் வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. சுமார் 22 இலட்சம் பேர் அந்த உதவியால் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றார்கள். போர் நடக்காமல் இருந்திருந்தால் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாத குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கட்டணமும் மாதப் பணமும் சேர்ந்து வந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. கறுப்பின வீரர்கள் பலருக்கு, குறிப்பாகத் தென் மாநிலங்களில், இனப்பாகுபாடு அந்த உரிமையைப் பெரிதும் மறுத்தது என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டம் அளித்ததை நடைமுறை பறித்துக்கொண்டது.

கட்டணமும் மாதப் பணமும் வெவ்வேறு என்பது பேச்சில் எளிதாக மறந்துபோகிறது. கல்வியை இலவசமாக்கினோம் என்ற அறிவிப்பு பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றியது மட்டுமே. சிலி நாட்டில் மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு, 2016இல் ஏழ்மையான குடும்பங்களின் மாணவர்களுக்குக் கட்டணமில்லா உயர்கல்வி வந்தது. அது பெரிய முன்னேற்றம். ஆயினும் கட்டணம் நீங்கியபின்னும் அறை வாடகை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, பேருந்துக் கட்டணம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம் வராமல் போகிறது. ஸ்வீடனில் அந்நாட்டு மாணவர்களுக்குக் கட்டணமே கிடையாது, இருந்தும் பட்டம் பெறுபவர்களில் பலர் கடனோடு வெளியேறுகிறார்கள். அந்தக் கடன் முழுவதும் வாழ்ந்ததற்கான கடன். இங்கிலாந்தில் ஏழை மாணவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்காகத் தரப்பட்ட மானியம் 2016இல் புதிய மாணவர்களுக்கு நிறுத்தப்பட்டு, முழுவதும் கடனாக மாற்றப்பட்டது. அதனால் பெற்றோரிடமிருந்து அதிகம் பெற முடியாதவரே பட்டம் பெறும்போது அதிகக் கடனோடு நிற்கிறார். உதவி என்ற பெயரில் வந்த பணம் ஏழ்மையின் அளவுக்கேற்பக் கடனாகத் திரும்பி நிற்பதை எப்படிச் சமாதானம் செய்துகொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நெதர்லாந்து தன் முடிவைத் திரும்பப் பெற்றதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1986 முதல் எல்லா மாணவருக்கும் தந்துவந்த அடிப்படை உதவித்தொகையை அது 2015இல் நிறுத்திக் கடனாக மாற்றியது. வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிப்பதைத் தள்ளிப்போட்டு, பெற்றோருடனே இருந்துவிடும் மாணவர்கள் அதிகமானார்கள். 2023 செப்டம்பரில் உதவித்தொகை மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்கள் தங்களை விதி கைவிட்ட தலைமுறையாகவே உணர்கிறார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட ஈட்டுத்தொகை அவர்கள் ஏற்ற கடனுக்கு அருகில்கூட வராது.

அனுமானித்த பணம் வராதபோது மாணவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வேலை நேரத்தைக் கூட்டிக்கொள்கிறார். படிக்கும்போது வேலை செய்வதை நான் எதிர்க்கவில்லை. வாரத்துக்குச் சில மணிநேர வேலை தன்னம்பிக்கையும் அனுபவமும் தரும். அதனால் படிப்புக்குக் கெடுதல் நேர்வதாகவும் தெரியவில்லை. வாரத்துக்குப் பதினைந்து முதல் இருபது மணிநேரத்தைத் தாண்டும்போதுதான் மதிப்பெண் சரிவதும், பாடங்களைக் கைவிடுவதும், படிப்பு ஆண்டுக்கணக்கில் நீள்வதும் கூடுகின்றன என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்கின்றன. எத்தனை மணிநேரம் என்பதோடு எந்த மணிநேரம் என்பதும் முக்கியம். நூலகத்தில் மாலை நேர வேலை செய்பவருக்கும், நள்ளிரவுப் பணி முடித்து விடிந்ததும் வகுப்புக்கு வருபவருக்கும் ஊதியச் சீட்டில் ஒரே தொகை இருக்கலாம். பின்னவர் ஆய்வுக்கூடத்தில் தூக்கத்தோடு போராடுவதைப் பார்க்கும் ஆசிரியர்கள் அக்கறையின்மை என்று குறித்துவைக்கிறார்கள். அந்தக் குறிப்பு பின்னர் உதவித்தொகையைப் புதுப்பிக்கும்போது அவருக்கு எதிராகவே பயன்படுகிறது. வறுமை வேலைநேரத்தைக் கூட்டுகிறது, வேலைநேரம் மதிப்பெண்ணைக் குறைக்கிறது, குறைந்த மதிப்பெண் உதவியை நிறுத்துகிறது, நின்ற உதவி மீண்டும் வேலைநேரத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழலில் சிக்கியவரிடம் நன்றாகப் படித்தால் உதவி கிடைக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

செவிலியர், ஆசிரியர், சமூகப்பணி ஆகிய படிப்புகளில் இது இன்னும் கூர்மையாகிறது. பட்டம் பெற வேண்டுமானால் வாரக்கணக்கில் முழுநேரக் களப்பயிற்சி செய்தே ஆக வேண்டும்; அதற்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. அந்த வாரங்களில் வழக்கமான பகுதிநேர வேலைக்கும் போக முடியாது, ஆனால் வாடகை நிற்பதில்லை. பயிற்சி முடிந்து திரும்பும்போது பழைய வேலை காத்திருக்கும் என்பதற்கும் உறுதி கிடையாது. ஆஸ்திரேலியா 2025 ஜூலை முதல், ஆசிரியர், செவிலியர், பிரசவச் செவிலியர், சமூகப்பணி மாணவர்களில் தகுதியுடையோருக்குக் களப்பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு 330 டாலருக்குச் சற்று அதிகமாகத் தரத் தொடங்கியிருக்கிறது. நோயாளிகளையும் குழந்தைகளையும் பேணும் தொழில்களுக்கு வருபவர்கள் மட்டும் பசியோடு பயில வேண்டும் என்று ஏன் இத்தனை காலம் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தோம் என்பதே வியப்பு.

வேறு நாட்டுக்குப் படிக்கச் செல்பவர்களுக்கு இந்த அனுமானம் நுழைவு அனுமதியின் நிபந்தனையாகவே இருக்கிறது. கட்டணத்துக்கு மேல் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். கனடா அந்தத் தொகையை 2024 ஜனவரியில் 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. ஜெர்மனியில் 2024 செப்டம்பர் முதல் முடக்கக் கணக்கு ஒன்றில் 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். தொகையை உயர்த்துவதில் உண்மையான அக்கறையும் உண்டு, ஏனெனில் போதாத பணத்தோடு வந்து தவிப்பதைவிட முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் கணக்கில் காட்டப்படும் பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் துயரம் தொடங்குகிறது. வீட்டை அடகு வைத்தும், உறவினரிடம் சில வாரங்களுக்கு மட்டும் வாங்கியும் இருப்பைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அனுமதி கிடைத்ததும் அந்தப் பணம் திரும்பிப் போய்விடுகிறது. ஜெர்மனியின் ஏற்பாட்டில் பணம் மாதந்தோறும் மாணவரின் கைக்கே வரும் என்பது ஓரளவு பாதுகாப்பு. மற்ற இடங்களில் ஏட்டில் ஓராண்டுக்குப் பணம் உள்ள மாணவர், உண்மையில் முதல் மாதமே வேலை தேடி அலைய வேண்டியிருக்கிறது.

வேலைக்கும் வரம்பு இருக்கிறது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவக் காலத்தில் வாரம் 20 மணிநேரம். கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணிநேரம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரு வாரங்களுக்கு 48 மணிநேரம். படிப்பைக் காப்பதற்கான விதி என்ற அளவில் இவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் பணம் வரும் என்ற அனுமானம் பொய்த்த பிறகு அதே விதி மாணவரைச் சுரண்டலின் கையில் ஒப்படைக்கிறது. வரம்புக்கு மேல் வேலை செய்பவர் குறைந்த கூலி தரப்பட்டாலும், கூலியே மறுக்கப்பட்டாலும் புகார் செய்ய முடியாது. புகார் செய்தால் அவருடைய அனுமதியே பறிபோகலாம். இது முதலாளிக்கும் தெரியும்.

கடனைத் திருப்பிச் செலுத்தும் முறைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியா 1989இல் தொடங்கிய, பொருளியலாளர் புரூஸ் சாப்மனின் பங்களிப்போடு உருவான முறையில், பட்டம் பெற்றவரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே வரி வழியாகத் தவணை பிடிக்கப்படுகிறது. வேலையில்லாத காலத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நியூசிலாந்து 2006 முதல் நாட்டில் வசிப்பவர்களின் கல்விக்கடனுக்கு வட்டியை நீக்கியது. இவை நல்ல ஏற்பாடுகள். இவற்றில் எனக்குப் பிடித்தது, கடனைத் திருப்பும் கட்டத்திலாவது பட்டதாரியின் சொந்த வருமானம் பார்க்கப்படுகிறது என்பதுதான். கொடுக்கும்போது பெற்றோரின் வருமானம், வாங்கும்போது பிள்ளையின் வருமானம் என்ற முரணை ஒரே நாட்டின் சட்டப் புத்தகத்தில் அருகருகே காணலாம். ஆஸ்திரேலியாவின் மாணவர் உதவியிலும் பொதுவாக 22 வயதுவரை, நியூசிலாந்தில் 24 வயதுவரை, பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுகிறது.

தொகை சரியாக இருந்தாலும் நாள் தவறினால் படிப்பு நின்றுவிடும் என்பதையும் விண்ணப்பங்களே எனக்குக் கற்றுத்தந்தன. வாடகை மாதந்தோறும் போகிறது. இங்கிலாந்தில் வாழ்க்கைச் செலவுக் கடன் பருவத்துக்கு ஒன்றாக மூன்று தவணைகளில் வருகிறது. ஸ்காட்லாந்திலும் ஸ்வீடனிலும் மாதந்தோறும் வருகிறது. மாதந்தோறும் வரும் முறையே மாணவருக்கு ஏற்றது என்பது என் துணிபு. பெற்றோரிடம் சேமிப்பு இருக்கும் மாணவர் இரண்டு வாரத் தாமதத்தைத் தொலைபேசியில் சொல்லிச் சமாளித்துவிடுகிறார். அப்படி ஒருவரும் இல்லாதவருக்கு அதே இரண்டு வாரம் தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளைக் கடந்துபோவதாக அமைகிறது. சிறு தொகைதான், ஆனால் அந்தச் சிறு தொகைக்கே ஓராண்டு போய்விடுகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் இதற்கு ஒரு வழி கண்டது. கட்டணத்தில் சில நூறு டாலர் பாக்கி இருப்பதற்காகவே பெயர் நீக்கப்படும் மாணவர்களின் பட்டியலைத் தானே எடுத்து, நல்ல முறையில் படித்துக்கொண்டிருப்பவர்களின் கணக்கில், அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே, அந்தப் பாக்கியைச் செலுத்தத் தொடங்கியது. உச்சவரம்பு 2,500 டாலர். பட்டம் பெறச் சில பாடங்களே மிஞ்சியிருந்த பலர் அதனால் நின்றுபோகாமல் முடித்தார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய திட்டமும் மாணவரின் நடைமுறைச் செலவுகளையே நோக்கியது. முழுநேரம் படிக்க ஒப்புக்கொள்பவர்களுக்குக் கட்டணத்தில் மீதமுள்ளதைத் தள்ளுபடி செய்து, பயண அட்டையும் பாடநூல் செலவும் தந்து, தொடர்ந்து பேச ஓர் ஆலோசகரையும் நியமித்தது. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் பட்டயம் முடித்தவர்கள் திட்டத்தில் சேர்ந்தோரில் 40 விழுக்காடு, சேராதோரில் 22 விழுக்காடு. பேருந்துக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்பது கல்விக் கொள்கையாளர்களுக்குச் சிறிய விஷயமாகத் தோன்றலாம். இந்த எண்களைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் குழுவின் அதிகாரம் மிகச் சிறியது. சட்டங்களை மாற்ற எங்களால் இயலாது. படிவத்தை மாற்ற இயலும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் என்ற கட்டத்துக்குக் கீழே, கடந்த மூன்று மாதங்களில் உங்கள் கணக்கில் எந்தெந்த வழியில் எவ்வளவு பணம் வந்தது, யாருக்கேனும் நீங்கள் எவ்வளவு அனுப்பினீர்கள் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்திருக்கிறேன். வங்கிக் கணக்கின் பதிவே அதற்குச் சான்றாகப் போதும், வீட்டில் என்ன நடந்தது என்று மாணவர் விவரிக்க வேண்டியதில்லை என்பதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன். விவரங்களின் மறைவுத்தன்மை குறித்துச் சக உறுப்பினர் ஒருவர் எழுப்பிய ஐயம் சரியானது என்பதால், தொகையும் நாளும் மட்டும் தெரியும்படி, மற்றவற்றை மறைத்துத் தரலாம் என்று திருத்தம் செய்திருக்கிறோம். அடுத்த பருவத்துக்கான படிவம் அச்சாகும் முன் இது முடிவாக வேண்டும். வேறு கல்வி நிறுவனங்களில் இத்தகைய குழுக்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் படிவத்தில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.